எடை மெஷின் சொன்ன சாட்சி

சென்னைக்காரர்களுக்கு ‘சானடோரியம்’ என்றால் தாம்பரத்துக்கு முந்தைய ரயில்வே ஸ்டேஷன். உண்மையில் அது ஓர் ஆஸ்பத்திரியின் பெயர். 1928-ல் டாக்டர் சௌரி முத்து ஆரம்பித்த காசநோய் சானடோரியம். சுத்தமான காற்று, முழு ஓய்வு, சத்தான சாப்பாடு. அன்றைக்கு டி.பி.க்கு வைத்தியம் என்றால் இவ்வளவுதான். நோயாளி தேறுகிறாரா என்று பார்க்கச் சுலபமான வழி, எடை மெஷினில் ஏற்றுவது. முள் ஏறினால் நோய் இறங்குகிறது என்று கணக்கு.

ஆனால் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். படுக்கைகளோ சில ஆயிரங்கள்தான். இடம் கிடைக்காத ஏழை என்ன செய்வான்?

விடை தேடி 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். நமது மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் என்று நான்கு பங்காளிகள். வழிநடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ் என்கிற ஆங்கிலேய டாக்டர்.

அவர்கள் 193 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்கு, மறு பாதி வீட்டுக்கு. இரு தரப்புக்கும் ஒரே மாத்திரைகள், ஒரு வருஷத்துக்கு. அங்கே கட்டில், ஓய்வு, வேளாவேளைக்கு நல்ல சாப்பாடு. இங்கே நெரிசலான வீடு, அரைகுறைச் சாப்பாடு.

வருஷக் கடைசியில் எடை பார்த்தார்கள். சானடோரியத்தில் இருந்தவர்கள் சராசரியாகச் சுமார் 20 பவுண்டு ஏறியிருந்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் சுமார் 11 பவுண்டுதான். பழைய கணக்குப்படி வீடு தோற்றுவிட்டது, இல்லையா?

சளிப் பரிசோதனை வேறு கதை சொன்னது. சானடோரியத்தில் 92 சதவிகிதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டில் 86. பெரிய வித்தியாசமே இல்லை! கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து வரவில்லை. 1959-ல் இந்த முடிவு வெளியானதும் உலகம் நிமிர்ந்து பார்த்தது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டிலேயே குணமாகலாம். சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வந்தது.

இங்கேதான் ஒரு சறுக்கல். ‘அதிகம் எடை ஏறாமலும் குணமாகலாம்’ என்ற பாடம், நாளாவட்டத்தில் ‘சாப்பாடு அவ்வளவு முக்கியமில்லை’ என்று ஆகிப்போனது. எடை, சீட்டில் எழுதும் ஓர் எண். அவ்வளவுதான்.

அறுபது வருஷம் கழித்து, அதே சேத்துப்பட்டு மையத்தின் இன்றைய வடிவமான தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து ஜார்க்கண்டில் ஓர் ஆய்வு நடத்தியது. 2019-ல் ஆரம்பம். 2,800 நோயாளிகள். ஐந்தில் நான்கு பேருக்கும் மேல் எலும்பும் தோலுமாக, இருக்கவேண்டிய எடைக்குக் கீழே இருந்தார்கள். மருந்தோடு மாதம் 10 கிலோ உணவுப் பொருட்களும் கொடுத்து எடை பார்த்தார்கள். 2023-ல் முடிவு வந்தது. முதல் இரண்டு மாதத்தில் 5 சதவிகிதம் எடை கூடியவர்களுக்குச் சாவின் அபாயம் 61 சதவிகிதம் குறைவு. 40 கிலோ ஆளுக்கு 5 சதவிகிதம் என்றால் எவ்வளவு? வெறும் 2 கிலோ!

இரண்டு ஆய்வுகளும் மோதிக்கொள்ளவில்லை. கிருமியைக் கொல்வது மருந்து. அந்த மருந்து வேலை செய்து முடிக்கும்வரை ஆளை உயிரோடு வைத்திருப்பது சோறு.

2022-ல் தமிழ்நாடு அரசு ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ ஆரம்பித்தது. இதன்படி, தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகிற வழியில் இருக்கும் இண்டூரில் ஒரு கூலித் தொழிலாளிக்கு டி.பி. என்று தெரிந்தால், அரசு மருத்துவமனையில் முதலில் உயரமும் எடையும் பார்க்கவேண்டும். கூடவே மூச்சு, ரத்தத்தில் ஆக்ஸிஜன், கால் வீக்கம், பிடிமானம் இல்லாமல் நிற்கிறாரா என்பது. 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 35 கிலோ இருந்தால் வீட்டுக்கு அனுப்பக்கூடாது. மேல்பரிசோதனை செய்து, ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டும்.

ஆக, எல்லோருக்கும் கட்டில் வேண்டாம். யாருக்கு வேண்டும் என்பதைச் சொல்ல ஓர் எடை மெஷினும் ஓர் அளவு நாடாவும் போதும். முள் அன்றும் பொய் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை. நாம் கேட்ட கேள்விதான் மாறியிருக்கிறது.