தவிடு போன வழி: அரிசி தீட்டலும் கணக்கில் வராத உணவு விரயமும்

உணவு விரயம் என்றதும் கல்யாண மண்டபத்தின் பின்வாசலில் குவியும் எச்சில் இலைகள்தான் கண்முன் வருகின்றன. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட உணவு விரயக் குறியீட்டு அறிக்கையும் ஏறக்குறைய அங்கிருந்தே எண்ணத் தொடங்குகிறது. 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலும் வீணான உணவு 105 கோடி டன். அதில் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது. இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ. அறுவடைக்கும் கடைக்கும் இடையே நேரும் இழப்பை உலக உணவு வேளாண்மை நிறுவனம் தனியே கணக்கிடுகிறது. 2019 அறிக்கையின்படி அது சுமார் 14 விழுக்காடு. முதல் கணக்கு எடையைப் பார்க்கிறது, இரண்டாவது விலைமதிப்பைப் பார்க்கிறது. தானியம் பத்திரமாக இருந்து அதன் சத்து மட்டும் பிரிந்துபோனால் இரண்டிலும் அது பதிவாவதில்லை.

அப்படிப் பதிவாகாத விரயங்களில் ஆகப் பெரியது, ஆசியாவின் சோற்றுத் தட்டுகளுக்குப் பின்னால் ஒன்றரை நூற்றாண்டாக நடந்துவரும் அரிசி தீட்டல் என்பது இக்கட்டுரையின் வாதம். வெள்ளை அரிசியை நாம் பதப்படுத்திய உணவு என்று நினைப்பதேயில்லை. பிஸ்கட், நூடுல்ஸ், சிப்ஸ் ஆகியவற்றுக்கே அந்தப் பெயரைக் கொடுக்கிறோம். பிரேசில் ஆய்வாளர் கார்லோஸ் மொன்டேரோவின் குழு வகுத்து, இன்று உலகெங்கும் ஆய்வுகளில் பயன்படும் 'நோவா' வகைப்பாடுகூட வெள்ளை அரிசியையும் தீட்டாத அரிசியையும் குறைவாகப் பதப்படுத்திய உணவு என்ற ஒரே தொகுதியில்தான் வைக்கிறது. வரலாறு அவ்விரண்டையும் ஒன்றாக வைக்கவில்லை.

உலக்கையிலிருந்து ஹல்லருக்கு

நூறு கிலோ நெல்லை அரைத்தால் ஏறத்தாழ இருபது கிலோ உமி, எட்டுக் கிலோ அளவில் தவிடு, எழுபது கிலோவுக்குச் சற்றுக் குறைவாக அரிசி கிடைக்கும். எடையில் தவிட்டின் பங்கு சிறியது. ஆனால் தானியத்தின் பி உயிர்ச்சத்துகளில் பெரும்பகுதியும் எண்ணெயும் நாரும் இந்த மேலுறையிலும் முளையிலும்தான் இருக்கின்றன. பச்சை நெல்லை நன்றாகத் தீட்டினால் பி1 என்னும் தயமினில் ஐந்தில் நான்கு பங்கு போய்விடும். உரலில் குத்திப் புடைத்த அரிசியில் தவிடு முழுவதும் போவதில்லை. உலக்கை எவ்வளவு குத்தினாலும் அரிசியின் முதுகில் செம்மை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அந்தச் செம்மையைத் துடைத்தெடுக்கும் வல்லமை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இயந்திரத்துக்கு வந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் ரங்கூனிலிருந்து ஐரோப்பாவுக்கு அரிசி போவது எளிதாயிற்று. பர்மாவின் நீராவி ஆலைகள் பெருகின. நகரத்தார் கடன் கொடுத்து அந்த நாட்டின் நெல் சாகுபடியை விரிவாக்கினர். 1880களில் பிரேசிலில் பிறந்த எங்கல்பெர்க் ஹல்லர் பிறகு ஆசியக் கிராமங்கள் வரை எட்டியது. உமியையும் தவிட்டையும் ஒரே ஓட்டத்தில் உரித்துவிடும் எளிய பொறி அது.

வணிகருக்கு வெள்ளை அரிசியின் மேல் வந்த ஆசை நிறத்தால் மட்டும் வந்ததன்று. தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. தானியத்திலிருந்து பிரிந்த உடனே அதிலுள்ள நொதி அந்த எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கி, சில நாள்களிலேயே சிக்கு வாடை அடிக்கும். தவிடு ஒட்டிய அரிசியும் நாளாக ஆகக் கெடும், வண்டு பிடிக்கும். மாதக்கணக்கில் கப்பலிலும் கிடங்கிலும் கிடக்க வேண்டிய சரக்குக்கு முழுக்கத் தீட்டிய அரிசியே தோது. நம் வெள்ளைச் சோறு, தூரத்துச் சந்தைக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு.

கோலாலம்பூர், 1905

இந்த ஏற்பாட்டின் விலையை முதலில் கொடுத்தவர்கள் கூலித் தொழிலாளரும் சிறைவாசிகளும் படைவீரரும். கால் மரத்து, வீங்கி, இதயம் தளர்ந்து சாகும் பெரிபெரி நோய் ஜாவாவிலும் மலாயாவிலும் பிலிப்பைன்ஸிலும் பரவியது. ஜாவாவின் படாவியாவில் டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மான், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் இழுத்து விழுவதையும், தவிடு கொடுத்தால் எழுவதையும் கண்டார். அதைக் குறைபாட்டு நோய் என்று 1901இல் சரியாகச் சொன்னவர் அவருக்குப் பின் அங்கே பணிபுரிந்த கெரிட் கிரைன்ஸ்.

தமிழர்கள் இந்தக் கதைக்குள் வருவது மலாயாவில். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர் பெரிபெரியால் கொத்துக் கொத்தாக இறந்தனர். அதே மண்ணில், அதே வெயிலில், அவர்களைவிட வசதியான வாழ்க்கை ஒன்றும் வாய்க்காத தமிழ்த் தோட்டத் தொழிலாளரிடம் அந்த நோய் அரிதாகவே இருந்தது. நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த லெனர்ட் பிராடன் இதைக் கவனித்து 1907இல் ஒரு நூலே எழுதினார். சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கல். பழைய வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு ஊறுகிறது என்று பிராடன் கருதியது தவறு; அரிசியைச் சுட்டிக்காட்டியது சரி.

கோலாலம்பூர் மனநோயாளர் காப்பகத்தில் வில்லியம் பிளெட்சர் 1905இல் தொடங்கிய சோதனை இன்னும் நேரடியானது. நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குத் தீட்டிய பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் போட்டார். பச்சரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கல் உண்டவர்களில் ஒருவரும் அந்த நோயால் இறக்கவில்லை. ஊட்டச்சத்து அறிவியல் பெருமையோடு மேற்கோள் காட்டும் இச்சோதனையில், எந்தச் சோறு வேண்டும் என்று சொல்ல வழியில்லாத மனிதர்களே சோதனைப் பொருளானார்கள் என்பதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். அடுத்த சில ஆண்டுகளில் மலாயாவில் ஆய்வு செய்த பிரேசரும் ஸ்டான்டனும் நஞ்சுக் கருத்தைத் தகர்த்து, தீட்டலில் கழிந்த தவிடே மருந்து என்று காட்டினர். 1910இல் மணிலாவில் கூடிய வெப்பமண்டல மருத்துவர் மாநாடு, தீட்டிய அரிசியை முதன்மை உணவாகக் கொள்வதற்கும் பெரிபெரிக்கும் தொடர்புண்டு என்று தீர்மானமே போட்டது.

புழுங்கல் ஏன் காப்பாற்றியது? நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது மேலுறையின் தயமின் நீரோடு உட்புறத்துக்கு இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அதில் நல்ல பங்கு அரிசியிலேயே தங்கும். நெல் அவித்த பெண்கள் உயிர்ச்சத்துக்காக அவிக்கவில்லை. அவித்த நெல் உலக்கைக்கு நொறுங்காது, நொய் குறையும் என்பதே அவர்கள் அறிந்த பயன். ஆனால் புழுக்கலும் ஒரு பதப்படுத்தல்தானே! பதப்படுத்திய உணவு முழுவதையும் பகையாகப் பார்க்கும் இன்றைய போக்கை இந்த ஒரு சான்றே மறுக்கும். ஒரு செய்முறை தானியத்தின் சத்தை உள்ளே தள்ளுகிறதா, வெளியே தள்ளுகிறதா என்றே கேட்க வேண்டும்.

குன்னூரும் வார்தாவும்

அன்றைய சென்னை மாகாணத்துக்குள்ளேயே இதே கோடு ஓடியது. பச்சரிசியை ஆலையில் தீட்டி உண்ட வட சர்க்கார் கடற்கரை மாவட்டங்களில், அதாவது இன்றைய ஆந்திரக் கரையில், பெரிபெரி இருந்தது. புழுங்கல் உண்ட தமிழ் மாவட்டங்கள் தப்பின. குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய ஆய்வகம் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தது. அவருக்குப் பின் 1935இல் பொறுப்பேற்ற அய்க்ராய்டும் உடன் ஆய்வாளர்களும் 1940இல் இந்தியாவின் அரிசிச் சிக்கல் குறித்து விரிவான அறிக்கை வெளியிட்டனர். தீட்டலோடு இழப்பு நிற்பதில்லை, அரிசியைக் களைவதிலும் கஞ்சியை வடிப்பதிலும் அது தொடர்கிறது என்பது அவர்கள் அளந்து சொன்ன செய்தி. 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருப்பது அதே குன்னூர் ஆய்வகம்தான்.

ஆய்வகம் சத்தைப் பேசிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா வேலையையும் சேர்த்துப் பேசினார். 1934 இறுதியில் காந்தி வார்தாவில் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில்கள் சங்கத்தின் செயலாளர் அவர். அரிசி ஆலை கிராமத்திலிருந்து நெல் குத்தும் கூலியையும் அரிசியின் சத்தையும் ஒருங்கே எடுத்துப்போகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். பொருளியலையும் உடல்நலத்தையும் ஒரே கணக்கில் எழுதிய அந்தப் பார்வை இன்றும் வலுவானது என்பதே என் கருத்து. அதில் ஒரு குறையும் உண்டு. நெல் குத்தியவர்கள் பெரும்பாலும் பெண்கள், அதிலும் ஏழைப் பெண்கள். விடியுமுன் எழுந்து குத்திய தோள்களுக்கு ஹல்லர் விடுதலையாகவே வந்தது. கைக்குத்தலை மீட்க வேண்டும் என்று இன்று பேசுவோர் இதற்கு விடை சொல்லாமல் நகரக் கூடாது.

கைக்குத்தல் தொழிலைக் காக்கும் எண்ணத்தோடு 1958இல் அரிசி ஆலைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டம் வந்து, புதிய ஆலைகளுக்கு உரிமம் கட்டாயமாயிற்று. ஹல்லர்கள் அதை மீறிப் பெருகின. 1997இல் சட்டமே நீக்கப்பட்டது. இதற்கிடையில், குறுவை அறுவடை மழையில் நனைந்து நெல் முளைத்துப் போவதைத் தடுக்கும் வழிதேடி 1967இல் திருவாரூரில் நெல் பதன ஆராய்ச்சி மையம் உருவானது. மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநரான வெ. சுப்பிரமணியன் அதற்கு வித்திட்டவர். பிறகு தஞ்சாவூருக்கு மாறி வளர்ந்த அம்மையமும் புதிய ரப்பர் உருளை ஆலைகளும் நொய்யைக் குறைத்தன, முழு அரிசியைக் கூட்டின. மணி வீணாவது குறைந்தது. மணியின் சத்து வீணாவது குறையவில்லை, ஏனென்றால் அரிசிக்கு விலை வைத்தது அதன் வெண்மை.

அடுப்படியில்

பழைய அடுப்படியில் ஒவ்வொரு கழிவுக்கும் அடுத்தொரு வாய் காத்திருந்தது. கழுநீரும் தவிடும் மாட்டுத் தொட்டிக்கு, நொய் கஞ்சிக்கு, வடிகஞ்சி குடிப்பதற்கோ துணிக்கு மொடமொடப்பு ஏற்றவோ, மிஞ்சிய சோறு நீர் ஊற்றிக் காலைப் பழையதுக்கு. இதைப் பொற்காலமாக வரைய மாட்டேன். வடிகஞ்சி யார் வீட்டுக் குழந்தைகளின் வயிற்றுக்குப் போனது என்பது தமிழ்நாட்டுச் சாதி வரலாற்றின் ஒரு பக்கம். ஆனாலும் சத்து ஊருக்குள்ளேயே சுற்றியது. அடுக்குமாடி வீட்டில் கழுநீர் சிங்க் குழாயில் போகிறது. முன்னிரவுச் சோறு குளிர்பெட்டியில் மூன்று நாள் இருந்துவிட்டுக் குப்பைக்குப் போகிறது. அந்த 55 கிலோவில் அது மட்டும் ஏறுகிறது.

பெரிபெரி இன்று நம் மருத்துவமனைகளில் அரிது. பருப்பும் காய்கறியும் முட்டையும் ஓரளவு அந்தக் குறையை நிரப்பிவிட்டன. தீட்டலின் விலை வேறு கணக்கில் ஏறியிருக்கிறது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் நாடுதழுவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று மதிப்பிட்டது. இந்தியர் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருவதாகவும், அதில் பெரும்பகுதி தீட்டிய அரிசி, சலித்த மாவு, சர்க்கரை போன்றவை என்றும் அதே ஆய்வின் பிந்தைய வெளியீடு கூறுகிறது. நீரிழிவுக்கு ஒரே காரணம் அரிசி என்பது பொய். உழைப்பு குறைந்தது, எடை கூடியது, மரபும் சேர்ந்தது. ஆனால் நாரும் எண்ணெயும் உரிந்த மாவு மணி, உழைப்புக் குறைந்த உடம்பில் சர்க்கரையை வேகமாக ஏற்றுகிறது என்பதில் ஐயமில்லை.

பிரித்து விற்றல்

உரித்த தவிடு எங்கே போயிற்று? தவிட்டெண்ணெய் உற்பத்தியில் இந்தியா உலகில் முன்னணி நாடு. எண்ணெய் எடுத்த பிண்ணாக்கு மாட்டுக்கும் மீனுக்கும் போகிறது. அந்த எண்ணெய் இதயத்துக்கு நல்லது என்ற விளம்பரத்தோடு அரிசி விற்ற அதே கடையில் வேறு பாட்டிலில் வருகிறது. ஆகவே ஆலைக்காரர் இதை விரயம் என்று ஒத்துக்கொள்ள மாட்டார், எடைக் கணக்கில் அவர் சொல்வது சரி. சோறு உண்பவரின் கணக்கில்தான் அது இழப்பு.

இழந்ததைத் திரும்பத் தூவும் முறையும் பழையதே. 1926இல் ஜான்சன், டோனத் என்ற ஆய்வாளர்கள் படாவியாவில் நூற்றுக்கணக்கான கிலோ தவிட்டிலிருந்து மிகச் சிறு அளவு பி1 படிகத்தைப் பிரித்தெடுத்தனர். 1936இல் அதைச் செயற்கையாக உருவாக்கியவர் ராபர்ட் ஆர். வில்லியம்ஸ். சென்னை மாகாணத்து நெல்லூரில் மிஷனரி குடும்பத்தில் பிறந்தவர் அவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிலிப்பைன்ஸின் பத்தானில் பி1 ஏற்றிய அரிசியைக் கொடுத்து பெரிபெரிச் சாவுகளைக் குறைத்துக் காட்டினார். 2021 ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் அறிவித்த செறிவூட்டிய அரிசித் திட்டம் இந்த மரபின் தொடர்ச்சி. அரிசி மாவில் சத்துகளைக் கலந்து மணியாக அழுத்தி, நூறு மணிக்கு ஒன்று என்ற விகிதத்தில் ரேஷன் அரிசியில் சேர்ப்பது அதன் முறை. அந்த மணி தண்ணீரில் மிதப்பதைப் பார்த்து பிளாஸ்டிக் அரிசி என்று ஊர்கள் அஞ்சின. அந்த அச்சம் தவறானது. ரத்தசோகை பரவிய நாட்டில் இரும்பு சேர்ப்பதற்கான காரணத்தையும் எளிதாகத் தள்ளிவிட முடியாது.

ஆனால் கட்டாயமாகச் சேர்க்க வேண்டியவை இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 என்ற மூன்று மட்டுமே. பி12 தானியத்தில் இயல்பாகவே இல்லாதது. தீட்டலில் அதிகம் உதிர்ந்த தயமின், விரும்பினால் சேர்க்கலாம் என்ற பட்டியலில் நிற்கிறது. நாரோ எந்த மணியிலும் ஏறாது. அரசு கொள்முதல் செய்யும் அரிசியைச் சில விழுக்காடு குறைவாகத் தீட்டச் சொல்வதும், புழுங்கலைத் தக்கவைப்பதும், அந்த அரிசி கெடாமலிருக்க ரேஷன் கிடங்கின் சுழற்சியை விரைவாக்குவதும் இதைவிட நேரான வழிகள். அதற்கு முதற்படியாக, எத்தனை மூட்டை நெல் வந்தது, எத்தனை மூட்டை அரிசி போனது என்று எழுதும் ஆலைப் பதிவேட்டில் எவ்வளவு தீட்டினோம் என்பதையும் எழுத வேண்டும், உணவு இழப்பை எண்ணும் ஆய்வாளர்கள் அந்தப் பதிவேட்டையும் கேட்டு வாங்க வேண்டும்.