மேடையும் வாடகை வீடும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துத் தெருக்கூத்தில் திரௌபதியாகவும் பொன்னுருவியாகவும் ஆண்கள் வேடம் கட்டுவது தலைமுறைகளாக நாம் அறிந்த வழக்கம். விடியும்வரை அந்தப் பெண்களுக்காக நாம் கண் கலங்கியிருக்கிறோம். களப்பலியாகும் அரவானுக்காகக் கூவாகத்தில் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கையரையும் சித்திரைதோறும் காண்கிறோம். (2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த அவ்வூர், இப்போது கள்ளக்குறிச்சியைச் சேர்ந்தது.) மறுநாள் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவையுடன் ஒப்பாரி முடிந்ததும் படம்பிடிக்க வந்தோர் ஊர் திரும்பிவிடுகின்றனர்.

எஞ்சிய நாட்களைப் பற்றியது, லீனா மணிமேகலை 2017இல் எடுத்த ஆவணப்படம். லிவிங் ஸ்மைல் வித்யாவும் ஏஞ்சல் கிளாடியும் சென்னையில் வாடகைக்கு வீடு தேடுகிறார்கள். 2014இல் ஜீ இமான் செம்மலருடன் சேர்ந்து ‘பன்மை’ நாடகக் குழுவைத் தொடங்கியவர்கள் இவர்கள். பிறர் தம்மைப் போல் வேடமிட இடம் தராமல், தம் வாழ்வைத் தாமே மேடையில் நிகழ்த்தியவர்கள். வித்யாவின் தன்வரலாறான ‘நான், வித்யா’ 2007இலேயே வெளிவந்திருந்தது.

வேடத்தில் வந்த பெண்ணுக்காக அழுத நாம், வேடமின்றி வாசலில் நிற்பவரிடம் ‘வீடு இல்லை’ என்கிறோம். தமிழ் நாடக வரலாற்றை எழுதுவோர், மேடையேறிய ஆண்டுகளோடு இந்த மறுப்பையும் குறித்துவைக்க வேண்டும்.