முதுகில் ஓர் ஊசியின் கதை

ஊரப்பாக்கத்தில் ஒரு மூதாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அறுவைச் சிகிச்சை என்றதும் வீட்டார் கேட்பது பெரும்பாலும் 'எப்போது?' என்றல்ல, 'முழு மயக்கமா, முதுகில் ஊசியா?' என்றுதான். 'இந்த வயதில் மயக்கம் தாங்குமா' என்ற அச்சம் அக்கேள்வியின் அடியில் இருக்கிறது.

முதுகு ஊசி பிறந்ததும் அதே அச்சத்தில்தான். 1898 ஆகஸ்ட் 16 அன்று ஜெர்மனியின் கீல் நகரில் ஒரு தொழிலாளி அறுவை மேசைக்கு வந்தார். கணுக்காலைக் காசநோய் அரித்திருந்தது. (அந்நோய்க்காகவே நம் தாம்பரம் சானடோரியத்தை டாக்டர் சௌரி முத்து 1928இல் தொடங்கினார்.) முந்தைய முழு மயக்கங்களில் மிகவும் அவதியுற்றவர் அத்தொழிலாளி. எனவே ஆகஸ்ட் பியர் என்னும் மருத்துவர் அவருடைய தண்டுவடத் திரவத்தில் கொக்கெயினைச் செலுத்தினார். வலியின்றி அறுவை முடிந்தது.

எட்டு நாள் கழித்துப் பியரும் உதவியாளர் ஹில்டெப்ராண்டும் தம்மையே சோதித்துக்கொண்டனர். ஹில்டெப்ராண்டின் முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் அடித்தும், சுருட்டால் சுட்டும் அவருக்கு வலிக்கவில்லை. பியருக்கோ ஊசிவழியே திரவம் கசிந்து, ஒன்பது நாள் தலைவலி. இன்றைய மெல்லிய ஊசிகளால் அத்தலைவலி அரிதாகிவிட்டது. முதியோருக்கு இன்னும் அரிது.

1947இல் இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டில் ஒரே நாளில் ஊசி பெற்ற இருவருக்குக் கால்கள் செயலிழந்தன. அந்நாட்டில் பல்லாண்டுகள் மருத்துவர்களே இம்முறையை ஒதுக்கினர். பிற்கால ஆய்வு, கருவிகளைக் கொதிக்கவைத்த பாத்திரத்தில் தங்கிய அமிலத்தையே சந்தேகிக்கிறது.

சரி, எதுதான் மேல்? அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பு முறிந்த 1600 பேரிடம் நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. அறுபது நாளில் இறந்தோரும், பிறர் துணையின்றி நடக்க இயலாதோரும் சேர்ந்து முதுகு ஊசியில் 18.5 விழுக்காடு, முழு மயக்கத்தில் 18.0. மனக்குழப்பம் இரண்டிலும் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு. சீனாவில் 950 முதியோரிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வும் மனக்குழப்பத்தில் வேறுபாடு காணவில்லை.

வேறுபாடு வேறிடத்தில் தெரிந்தது. இந்தியா உட்பட 17 நாடுகளில் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், காத்திருப்பு 24 மணி நேரத்திலிருந்து ஆறாகக் குறைந்தபோது இறப்பு மாறவில்லை. ஆனால் மனக்குழப்பம் குறைந்தது, நோயாளிகள் விரைவில் எழுந்து நின்றனர்.

ஆகவே எந்த மயக்கம் என்பதை மயக்க மருத்துவரிடம் விட்டுவிடலாம். இதய நோய், இரத்த அழுத்தம், இரத்தம் உறையாமைக்கான மாத்திரை ஆகியவற்றை முதல் மணி நேரத்திலேயே அவரிடம் சொல்லிவிடுவது நம் பொறுப்பு. நாம் விவாதித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நாளும் அந்த மூதாட்டி படுக்கையில்தான் கிடக்கிறார். நிமோனியாவும் படுக்கைப் புண்ணும் நம் முடிவுக்குக் காத்திருப்பதில்லை.