கே. பி. சுந்தராம்பாள்

கே. பி. சுந்தராம்பாள் (1908–1980) தமிழ் நாடக மேடையிலும் திரைப்படத்திலும் அரை நூற்றாண்டுக்கு மேல் பாடி நடித்தவர். தேசிய விடுதலை இயக்கப் பாடகர், சென்னை மாநிலச் சட்ட மேலவை உறுப்பினர், பத்மஸ்ரீ விருது பெற்றவர். காவிரிக் கரையில் கொடுமுடியில் பிறந்தார். அவரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு சித்திரங்களில் நின்றுவிடுகிறார்கள். ஒன்று, நாடக நடிகரான கணவர் எஸ். ஜி. கிட்டப்பாவை இழந்து வெள்ளை உடுத்திய காதல் மனைவி. மற்றொன்று, திருநீறு பூசிய ஔவையார். இரண்டும் உண்மைதான். ஆனால் இரண்டுமே அவரை உணர்ச்சியின் உருவமாக மட்டும் பார்க்கின்றன. அவர் செய்த தொழிலைப் பார்ப்பதில்லை. சுந்தராம்பாள் தன் உழைப்புக்கு என்ன விலை, எந்த வேடம், யாருடன் மேடை, எந்த வரி பாடத் தக்கது என்பதைத் தானே முடிவு செய்த தொழிற்கலைஞர். தமிழ்ப் பொழுதுபோக்குத் துறையில் ஒரு பெண் அத்தகைய அதிகாரத்தை அவ்வளவு நீண்ட காலம் வைத்திருந்தது அரிது. அவரது வாழ்க்கை வரலாற்றின் மையம் அதுவே என்பதை இக்கட்டுரை சான்றுகளுடன் காட்ட முயல்கிறது.

இளமையும் நாடக மேடையும்

பெயருக்கு முன்னுள்ள இரண்டு எழுத்துகள் ஊரையும் தாயையும் குறிப்பவை: கொடுமுடி, பாலாம்பாள். ஆண் துணையின்றிப் பிள்ளைகளை வளர்த்த தாயின் வறுமையில்தான் அவரது பாட்டு தொடங்கியது. ரயிலில் பாடிக் காசு பெற்ற சிறுமியின் குரலைக் கேட்டு, ரயில்வே அதிகாரியும் நாடகக் கலைஞருமான எப். ஜி. நடேச ஐயர் அவரை நாடகத்துக்கு வழிகாட்டினார் என்பது பரவலாகப் பதிவான செய்தி. வேலு நாயர் குழுவின் ‘நல்லதங்காள்’ நாடகத்தில் ஒரு சிறுவனாக அவர் மேடையேறினார். அந்தக் கால ஸ்பெஷல் நாடகங்களில் ஒத்திகை குறைவு. ஒவ்வொரு ஊரிலும் ஒரு காண்ட்ராக்டர், ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரீபார்ட் (நாயகி), பபூன் (கோமாளி) எனத் தனித்தனியே நடிகர்களை ஒப்பந்தம் செய்து ஓர் இரவுக்கு ஒன்று சேர்ப்பார். எதிரில் நிற்பவர் எந்த ராகத்தில் எடுத்தாலும் அதற்கு ஈடுகொடுத்துப் பாட வேண்டும்; குரல் தளர்ந்தால் அடுத்த ஊரில் அழைப்பு வராது. ஒலிபெருக்கி பரவாத நாளில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி விடிய விடியப் பாடும் வலிமைதான் நடிகரின் முதல். சுந்தராம்பாள் ஸ்திரீபார்ட்டிலும் ராஜபார்ட்டிலும் தேர்ந்தார். ஒரே நடிகர் இரண்டு பக்கமும் பாடத் தெரிந்தவராக இருந்தால் பேரம் அவர் கைக்கு வரும். பிற்காலத்தில் அவர் காட்டிய உறுதியின் வேர் இந்தப் பயிற்சியில் இருக்கிறது.

இலங்கையில் அவர் ஏற்கெனவே பெயர் பெற்றிருந்தபோது, 1926 வாக்கில், செங்கோட்டை கிட்டப்பாவுடன் கொழும்பு மேடையில் இணைந்தார். கிட்டப்பாவின் எட்டுக்கட்டைக் குரலுக்கு எதிரில் எந்த நடிகையும் நிற்க முடியாது என்பது அப்போதைய பேச்சு. ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் வேலனுக்கு வள்ளி சளைக்காமல் பதில் பாடியபோது அந்தப் பேச்சு அடங்கியது. 1927-இல் இருவரும் மணந்தனர். கிட்டப்பாவுக்கு அது இரண்டாம் மணம். இணை நாடகங்களும் இசைத்தட்டுகளும் தமிழகம் முழுவதும் புகழ் பெற்றாலும், இல்வாழ்க்கை கசப்பில் முடிந்து சுந்தராம்பாள் கொடுமுடிக்குத் திரும்பினார். கிட்டப்பா 1933 டிசம்பர் 2 அன்று 27 வயதில் இறந்தார். அன்று முதல் சுந்தராம்பாள் வெண்ணிற உடையையே உடுத்தினார்; எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார்.

நிபந்தனையின் பொருள்

இந்த உறுதிமொழி அவரது சொந்தத் தேர்வா, விதவைக்குச் சமூகம் விதித்த வேலியா என்ற கேள்வி நியாயமானது. கணவனை இழந்த பெண் நிறம், நகை, காதல் ஆகிய மூன்றையும் துறக்க வேண்டும் என்று கருதிய காலம் அது. அவர் அந்த விதியை மீறவில்லை. மீற விரும்பியதாகவும் தெரியவில்லை. கிட்டப்பா மீது அவர் கொண்டிருந்த அன்பு ஆழமானது என்பதற்கு அவர் எழுதிய கடிதங்களே சாட்சி. ஆனால் அதே சமூக விதி இன்னொன்றையும் சொல்லியது: அத்தகைய பெண் வீட்டுக்குள் இருக்க வேண்டும், விளக்கு வெளிச்சத்தில் ஆயிரம் பேர் முன் நிற்கக் கூடாது. சுந்தராம்பாள் முதல் பாதியை ஏற்றார், இரண்டாம் பாதியை ஏற்கவில்லை. வெள்ளைப் புடவையுடன் மேடைக்குத் திரும்பினார். ஜோடிப் பாட்டையே நம்பியிருந்த நாடகத் தொழிலில் ஜோடி இல்லாமல் பாடுவேன் என்பது வருமானத்தைப் பணயம் வைக்கும் முடிவு. துக்கத்தில் பிறந்த அந்த முடிவு, நடைமுறையில் ஒரு தொழில் ஒப்பந்தத்தின் முதல் ஷரத்தாக மாறியது. அடுத்த நாற்பது ஆண்டுகளில் அவரை நாடிவந்த தயாரிப்பாளர்கள் எல்லோரும் அந்த ஷரத்துக்குள் நின்றே கதை அமைத்தனர்.

முதல் சோதனை ‘நந்தனார்’ (1935). எம். எல். டாண்டன் இயக்கிய அப்படத்தில் சுந்தராம்பாள் ஆண் வேடம் ஏற்று நந்தனாராகவே நடித்தார். சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராக நடித்தார். அப்படத்துக்காக சுந்தராம்பாள் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். தமிழ்ப் பேசும்படம் தொடங்கி நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த நேரத்தில் அது பிறர் வியந்து பேசிய தொகை. சினிமாவில் நடிக்க விருப்பமில்லாமல், தயாரிப்பாளரைத் திருப்பி அனுப்பவே அவர் அவ்வளவு கேட்டார், அவர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று வழக்கமாகச் சொல்வார்கள். அப்படியே நடந்திருந்தாலும் அந்தக் கதை இங்கே வைக்கும் வாதத்தையே வலுப்படுத்துகிறது. வேண்டாம் என்று சொல்லும் வசதி உள்ளவருக்குத்தான் விலை உயரும். அந்த வசதியை அவருக்குக் கொடுத்தது மேடைக் கச்சேரியும் இசைத்தட்டும். பட முதலாளியை நம்பி அடுப்பு எரியவேண்டிய நிலையில் அவர் இல்லை.

அந்தத் தொகை கிட்டப்பாவின் புகழுக்கும் அவரது மறைவு எழுப்பிய அனுதாபத்துக்கும் கொடுத்த விலை என்று வாதிடலாம். முதல் படத்துக்கு அந்த வாதம் ஓரளவு பொருந்தும். ஆனால் ‘நந்தனார்’ எதிர்பார்த்த பாராட்டைப் பெறவில்லை. எழுத்தாளர் கல்கி அதைக் கடுமையாகக் கேலி செய்து விமர்சித்தார். அனுதாபம் மட்டுமே மூலதனமாக இருந்திருந்தால் கணக்கு அங்கேயே முடிந்திருக்கும். 1940-இல் ‘மணிமேகலை’ வந்தது. அங்கும் துறவை நாடும் பெண்ணின் வேடம். அங்கும் அவர் நிபந்தனை காக்கப்பட்டது. இரண்டு படங்களுக்கு இடையில் ஐந்து ஆண்டு, மூன்றாவது படத்துக்கு மேலும் பதின்மூன்று ஆண்டு. ஒரு நடிகை இவ்வளவு இடைவெளி விட்டும் மறக்கப்படாமல் இருந்தார் என்றால், திரைக்கு வெளியே அவருக்கு வேறொரு பரந்த மேடை இருந்தது என்று பொருள்.

கதரும் காங்கிரசும்

அந்த மேடை அரசியல். காங்கிரஸ் தலைவர் எஸ். சத்தியமூர்த்தியின் ஊக்கத்தில் சுந்தராம்பாள் காங்கிரஸ் கூட்டங்களில் பாடினார். காந்தியையும் கதரையும் போற்றும் பாடல்களை இசைத்தட்டாக வெளியிட்டார். 1937 தேர்தலில் பிரசாரம் செய்தார். இதைப் புரிந்துகொள்ள அவர் பிறந்த வட்டாரத்தை நினைக்க வேண்டும். அதே வட்டாரத்தில், இன்று பனியன் ஏற்றுமதியால் உலகம் அறிந்த திருப்பூர் அன்று கதர் உற்பத்தியின் பெரிய மையங்களில் ஒன்று. முதல் பனியன் கம்பெனிகள் 1920-களில்தான் தலைகாட்டின. 1932 ஜனவரியில் கொடியேந்திச் சென்று போலீஸ் தடியடியில் விடுதலைப் போராட்ட வீரர் குமரன் உயிர்விட்டதும் அந்த ஊரின் தெருவில்தான். ராட்டையும் தறியும் வீட்டுப் பெண்களின் உழைப்பில் ஓடிய பகுதியில், கதர் என்பது கொள்கையாக மட்டும் இல்லை, கூலியாகவும் இருந்தது. அப்பகுதியிலிருந்து வந்த ஒரு பெண்ணின் குரல் கதரைப் பாடியபோது, படிக்கத் தெரியாதவர்களிடமும் அது சேர்ந்தது.

1951-இல் அவர் சென்னை மாநிலச் சட்ட மேலவை உறுப்பினரானார். இந்தியாவில் சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் திரைக் கலைஞர் என்று அவரைக் குறிப்பிடுவது வழக்கம். திரையிலிருந்து அரசியலுக்கு என்ற பாதையைப் பேசும்போது தமிழகத்தில் பெரும்பாலும் 1960-களுக்குப் பிந்தைய பெயர்களே முதலில் வருகின்றன. சுந்தராம்பாளை அந்த வரிசையின் தொடக்கத்தில் வைத்தால் படம் மாறுகிறது. அவர் ரசிகர் மன்றங்கள் மூலம் வரவில்லை, கட்சித் தலைமையை நாடவுமில்லை. ஓர் இயக்கத்துக்கு ஏறத்தாழ இருபது ஆண்டு பாடிச் சேர்த்த மரியாதையால் வந்தார்.

ஔவையார் முதல் துணைவன் வரை

ஜெமினி நிறுவனத்தின் எஸ். எஸ். வாசன் தயாரித்து, கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய ‘ஔவையார்’ 1953-இல் வெளிவந்தது. இளம் ஔவையாராகக் குசலகுமாரி நடித்தார். முதுமை வேடம் சுந்தராம்பாளுக்கு. நாற்பத்தைந்து வயதை எட்டிய ஒரு நடிகை, காதலும் கதாநாயகனும் இல்லாத பெரும் பொருட்செலவுப் படத்தைத் தன் தோளில் தாங்கினார். இன்றும் தமிழ்த் திரையில் அந்த வயதுப் பெண்ணுக்கு அம்மா, மாமியார் வேடங்கள் தாண்டி மையப் பாத்திரம் கிடைப்பது எளிதல்ல. ஜோடி வேண்டாம் என்ற நிபந்தனை அவருக்கு வாய்ப்புகளை மூடியது என்பார்கள். அந்த நிபந்தனைதான் இந்தக் கதவைத் திறந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1964-இல் மு. கருணாநிதி கதை வசனம் எழுதிய ‘பூம்புகார்’ படத்தில் சமணத் துறவி கவுந்தியடிகளாக நடித்தார். சுந்தராம்பாள் ஆழ்ந்த முருக பக்தர், காங்கிரஸ்காரர். எழுதியவரோ பகுத்தறிவு இயக்கத்தின் தலைவர்களில் ஒருவர். ஒரு பாடலில் தெய்வம் எங்கே போயிற்று என்று கேட்கும் வரியைப் பாட சுந்தராம்பாள் மறுத்ததாகவும், தெய்வம் இங்கேயே வந்துவிட்டது என்ற பொருள்படக் கருணாநிதி அதை மாற்றிக் கொடுத்ததாகவும் திரை வரலாறுகளில் மீண்டும் மீண்டும் பதிவாகியிருக்கிறது. இதில் இருவரின் பெருமையும் உண்டு. நடிகையின் மனசாட்சிக்காக வரி மாறியது. மாற்றியபின் பாட்டும் கதைக்குப் பொருந்தி நின்றது. ஏ. பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’ (1965), ‘கந்தன் கருணை’ (1967), ‘காரைக்கால் அம்மையார்’ (1973) ஆகியவற்றில் அவர் குரலைக் கேட்ட தலைமுறைக்கு ஔவையின் முகமே அவர் முகமாயிற்று. கோயம்புத்தூர்க்காரரான சின்னப்பா தேவரின் ‘துணைவன்’ (1969) படப் பாடலுக்காக அவருக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. பெண்களுக்கு அவ்விருது அளிக்கத் தொடங்கிய இரண்டாம் ஆண்டு அது. 1970-இல் பத்மஸ்ரீ வந்தது. அப்போது அவர் அறுபதைக் கடந்திருந்தார்.

மதிப்பீடு

அவரது நடிப்புக்கு வகைமை குறைவு, நின்ற இடத்தில் நின்று பாடுவதே அவர் நடிப்பு என்ற விமர்சனம் உண்டு. உடல்மொழியையும் உரையாடலையும் அளவுகோலாகக் கொண்டால் அதை மறுக்க முடியாது. ஆனால் அவர் வளர்ந்த மேடையில் பாட்டே வசனம். கோபமும் இரங்கலும் ராகத்தின் வழியே சொல்லப்பட்டன. அவரோடு ஒப்பிடத்தக்க ஆண் நட்சத்திரங்கள் எம். கே. தியாகராஜ பாகவதரும் பி. யு. சின்னப்பாவும். பின்னணிப் பாட்டு பரவி, பாடத் தெரியாதவர்களும் நாயகர்களாகலாம் என்ற நிலை வந்தபோது பாடும் நடிகர்களின் யுகம் முடிந்தது என்பார்கள். சின்னப்பா 1951-இலும் பாகவதர் 1959-இலும் மறைந்தனர். சுந்தராம்பாள் மட்டும் 1970-களிலும் தன் குரலிலேயே பாடி நடித்தார். ஒலிப்பதிவு முறை, இசையமைப்பாளர்கள், ரசனை, ஆட்சி எல்லாம் மாறிய பிறகும் சந்தை அவரைத் தேடி வந்தது. வகைமை குறைந்த கலைஞர் என்பதைவிட, ஒரே கருவியை அதன் எல்லை வரை தேர்ந்தவர் என்பதே பொருந்தும் மதிப்பீடு.

இன்னும் கூர்மையான எதிர்வாதம் ஒன்று உண்டு. பெண்ணின் பொதுவாழ்வுக்கு அவர் கொடுத்த விலை துறவு. அதனால் துறந்த பெண்ணுக்கே மரியாதை என்ற பழைய எண்ணம் வலுப்பட்டது. அவருடைய சமகால நடிகைகள் பலர் நிறமும் காதலும் உள்ள வேடங்களுக்காக ஏச்சுக் கேட்டபோது, அவருக்கு மட்டும் கைகூப்பிய மரியாதை கிடைத்தது. இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. அவர் பெற்ற மதிப்பு எல்லா நடிகைகளுக்கும் விரியவில்லை. ஆயினும் அந்தக் குறை அவரைப் போற்றிய சமூகத்தின் குறை. மரியாதையை அவர் பக்தியால் மட்டும் வாங்கவில்லை. ஊதியத்தை முன்கூட்டியே பேசினார், வேடத்தை ஆராய்ந்தார், பிடிக்காததை மறுத்தார். அவற்றை விட்டுவிட்டு வெள்ளைப் புடவையை மட்டும் நினைவில் வைத்ததுதான் பிழை.

கொடுமுடி, ஈரோடு, திருப்பூர், காங்கேயம் பகுதிகளில் இன்று தையல், செக்கிங், பேக்கிங் வேலைகளில் பல்லாயிரம் பெண்கள் உழைக்கிறார்கள். சென்னிமலையிலும் சிவன்மலையிலும் விழா நாட்களில் முருகன் பாடலாக அவர் குரலை அவர்கள் கேட்கிறார்கள். பக்திக் குரலாக அறிந்த அதே பெண், தன் திறமைக்குத் தன் வாயால் விலை சொல்லி வாங்கியவர் என்பதும் அவர்களுக்குத் தெரிய வேண்டிய செய்தி. பள்ளிப் பாடமும் நினைவு மலரும் கலைக்களஞ்சியமும் சுந்தராம்பாளைப் பதிவு செய்யும்போது, கிட்டப்பாவின் துணைவி என்ற அடைமொழியை இரண்டாவதாக வைக்கட்டும். ரயிலில் பாடிய சிறுமி, ஒரு லட்சம் பெற்ற நந்தனார், சட்ட மேலவை உறுப்பினர், அறுபதைக் கடந்து தேசிய விருது பெற்ற பாடகி என்ற தொடர்ச்சியே அவரது முதல் அடையாளம். தாயின் பெயரை முதலெழுத்தாகக் கொண்டு தொடங்கிய அந்த வாழ்வில், தொழில் சார்ந்த எந்த முக்கிய முடிவையும் அவர் பிறர் கையில் கொடுக்கவில்லை.