ஊமைப் பேய்ப்படமும் புது வாத்தியமும்

புதுவையில் நான் பிரெஞ்சு வழியில் படித்துக்கொண்டிருந்த காலம். 1965 வாக்கில் எங்கள் ஆசிரியர் ஒருவர் 16 மி.மீ. புரொஜெக்டரில் 'நோஸ்ஃபெராட்டு' என்ற ஜெர்மானிய ஊமைப்படத்தைப் போட்டுக் காட்டினார். இசை கிடையாது. மெஷின் ஓடும் கடகட சத்தம்தான். மாக்ஸ் ஷ்ரெக்கின் நீண்ட நகங்களைப் பார்த்துப் பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முர்னோ இயக்கிய அந்தப் படம் 1922 மார்ச் 4 அன்று பெர்லின் விலங்கியல் பூங்காவின் பளிங்கு மண்டபத்தில் திரையிடப்பட்டது. ஹான்ஸ் எர்ட்மான் அதற்கென்றே இசை எழுதியிருந்தார். ஆனால் 'டிராகுலா' நாவலை அனுமதி வாங்காமல், பெயர்களை மட்டும் மாற்றிப் படமாக்கியிருந்தார்கள். நாவலாசிரியர் பிராம் ஸ்டோக்கர் காலமாகிவிட்டதால் அவர் மனைவி ஃப்ளோரன்ஸ் வழக்குப் போட்டார். தயாரித்த பிராணா நிறுவனம் திவாலாயிற்று. பிரதிகளையெல்லாம் அழிக்கும்படி 1925இல் நீதிமன்றம் உத்தரவிட்டது.

அழிக்கும் உத்தரவு எனக்குப் புதிதல்ல. ஆவண அறையில் பல வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். இங்கே அழித்தாலும் வேறொரு அலுவலகத்தில் ஒரு நகல் கிடக்கும். இந்தப் படமும் அப்படித்தான் தப்பியது. வெளிநாடு போன பிரதிகள் மிஞ்சின. இசைக்கு அந்த யோகம் இல்லை. எர்ட்மானின் முழு இசை தொலைந்துபோனது. தனியாக அச்சான சில பகுதிகளை வைத்துத்தான் பிற்காலத்தில் அதைச் சீரமைத்தார்கள்.

அந்த இடைவெளியில் ஆளுக்கு ஆள் புது இசை எழுதினார்கள். 1980களின் கடைசியில் பிரான்சின் 'ஆர் ஸோயிட்' குழு எழுதியது. 1958இல் வந்த ஆங்கில 'டிராகுலா' படத்துக்கு இசையமைத்த ஜேம்ஸ் பெர்னார்ட், 1997இல் இதற்கும் எழுதினார்.

சில வருஷங்களுக்கு முன் மகளைப் பார்க்கப் பிரான்சு போனபோது, சின்னத் திரையரங்கு ஒன்றில் அதே படத்தை மறுபடி பார்த்தேன். திரைக்குக் கீழே பியானோ, செல்லோ, மேளம் என்று மூன்று பேர். ஊமைப்படம் ஓடும் வேகம் ஊருக்கு ஊர் மாறும் என்பதால், அவர்கள் கண் திரையை விட்டு அகலவில்லை. மாடிப்படியில் அந்த நிழல் ஏறும்போது மூவரும் சட்டென்று வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. நான் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. பேய் காரணமில்லை. ஒருமுறை பிரெஞ்சுக்காரர் காலத்துக் காகிதக் கட்டு ஒன்றை என் மேசையில் வைத்து, 'வேண்டுமா, வேண்டாமா' என்று கேட்டார்கள். அந்த அறையில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஐந்தாறு தாளைப் புரட்டிவிட்டு 'வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்கு வேறெங்கும் நகல் உண்டா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.