புள்ளி, கோடு, தளம்: காட்சி வடிவமைப்பின் அடிப்படைகள்

காட்சி வடிவமைப்பின் அடிப்படைக் கூறுகள் புள்ளி, கோடு, வடிவம், நிறம், இழைநயம், வெளி என்பன. இவற்றை ஒழுங்குபடுத்தும் விதிகள் சமநிலை, முரண், லயம், அழுத்தம், ஒருமை. இவற்றை முறையான பாடமாக வளர்த்ததில் ஜேர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளிக்குப் பெரும் பங்குண்டு. 1919இல் வால்ட்டர் குரோப்பியஸ் வைமார் நகரில் தொடங்கிய இப்பள்ளி, 1925இல் டெஸ்ஸாவுக்கும் 1932இல் பெர்லினுக்கும் இடம்பெயர்ந்து, நாசிகளின் நெருக்கடியால் 1933இல் மூடப்பட்டது.

இங்கு கற்பித்த ஓவியர் கண்டின்ஸ்கி, புள்ளி, கோடு, தளம் பற்றி 1926இல் ஒரு நூல் வெளியிட்டார். புள்ளி அசைவற்றது, அது நகர்ந்த தடமே கோடு என்பது அவர் விளக்கம். மஞ்சள் முக்கோணத்துக்கும், சிவப்பு சதுரத்துக்கும், நீலம் வட்டத்துக்கும் உரியவை என்றும் கருதினார். இதை எல்லோரும் ஏற்கவில்லை.

அதைப் படித்தபோது அம்மா முற்றத்தில் போடும் கோலம் நினைவுக்கு வந்தது. புள்ளிகள் அசையாது நிற்க, இழை அவற்றைச் சுற்றி ஓடும். இடையிலுள்ள வெற்றிடமும் கோலந்தான்.

இங்கே தமிழ் விழா ஒன்றுக்கு நான் வடிவமைத்த முதல் அழைப்பிதழில் குத்துவிளக்கு, மயில், தோரணம் என்று ஓரிடமும் விடாமல் நிரப்பியிருந்தேன். பெற்றவர்கள் தொலைபேசியில் நாள் கேட்டார்கள். இப்போது நாளையும் இடத்தையும் பெரிதாக இட்டு, சுற்றிலும் வெளி விடுகிறேன். யாரும் கேட்பதில்லை.