யார் சொன்னால் வயர்மேன்?

1989இல் திருவண்ணாமலை தனி மாவட்டமானது. ஆட்சியர் அலுவலகம் வேலூர் சாலையில் வேங்கிக்காலில் அமைய, ஏரிக்கரை ஊரைச் சுற்றிப் புதுக் குடியிருப்புகள் எழுந்தன. வீடு கட்டும் ஊரில் ஒருவரைத் தொழில் தெரிந்தவர் என்று ஒப்புக்கொண்டது யார்? நெடுங்காலமாக மேஸ்திரிதான். சித்தாள் கையில் கரணையைக் கொடுத்து, அவன் எழுப்பிய சுவருக்குத் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, கொத்தனார் என்று அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அந்தக் கண் கூர்மையானது, மறுப்பதற்கில்லை. ஆனால் சித்தாள் கொத்தனாரானால் கூலி கூடும். கூலி கொடுப்பவரே தேர்வும் வைத்தால் தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும்? தொழில்தகுதி மதிப்பீட்டாளர் என்றொரு தனி வேலை உருவானது இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் என்பது என் கட்சி.

சட்டத்தின் போக்கும் அதைத்தான் காட்டுகிறது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், பயிற்சியைத் தொழிற்சாலையிடம் விட்டது. இறுதித் தேர்வை 1956இல் அமைந்த தேசியத் தொழிற்பயிற்சி மன்றத்திடம் கொடுத்தது. 2007இல் வந்த குறுகியகாலப் பயிற்சித் திட்டம் இன்னும் கறாராக இருந்தது: பயிற்சி தரும் நிறுவனம் வேறு, மதிப்பிடும் நிறுவனம் வேறு. வேலையிலேயே தொழில் கற்றவர்களும் நேரே வந்து தேர்வெழுத அது வழிவிட்டது. தமிழ்நாட்டின் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வும் இந்த வகைதான். 21 வயதும் ஐந்தாண்டு வயரிங் அனுபவமும் இருந்தால் போதும், படிப்பு கேட்பதில்லை. வீட்டுக்காரரே பார்த்துக்கொள்ள மாட்டாரா என்று கேட்கலாம். மாட்டார். சுவிட்சை ஃபேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டாலும் விளக்கு எரியும், அணையும். ஹோல்டரில் மட்டும் கரண்ட் நிற்கும். பல்பு மாற்றக் கைவைக்கிற அன்றுதான் அது தெரியவரும்.

பத்து வருஷம் கூடவே இருந்த மேஸ்திரிக்குத் தெரிவது, ஒரு நாள் வந்துபோகிறவருக்கு எப்படித் தெரியும் என்பது வலுவான ஆட்சேபம். அதில் பாதி உண்மை. 2015க்குப் பின் மத்திய அரசின் திறன் திட்டத்தில் முன்னனுபவத்துக்குச் சான்று தரத் தொடங்கினார்கள். மதிப்பீட்டாளருக்கு அந்தத் தொழிலில் அனுபவமும் வேண்டும், மதிப்பிடுவதற்கென்று தனிப் பயிற்சியும் வேண்டும் என்பது விதி. ஆனால் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்தால் அவசரம் வந்துவிடும். மேஸ்திரியிடம் கூலி செய்த வேலையை இங்கே எண்ணிக்கை செய்யும். அதற்காகத் தீர்ப்பை மறுபடி மேஸ்திரியிடமே கொடுப்பது மருந்தாகாது. 1986இல் பிரிட்டன் தேசியத் தொழில்தகுதிகளைக் கொண்டுவந்தபோது, மதிப்பீட்டாளர் வேலைத்தலத்துக்கே போய், அன்றாட வேலையையே சான்றாக எடுத்துக்கொள்ளும் முறை வேரூன்றியது. அங்கேயும் காகிதக் கட்டுகள் பெருகின என்ற புகார் உண்டு. இருந்தாலும் பார்க்கவேண்டிய இடம் வேலைத்தலம்தான். புதிதாக மதிப்பீட்டாளர் பணிக்கு வருகிறவர் தேர்வுக்கூடத்துப் பலகையில் போட்ட மாடிப்படி வயரிங்கோடு நிறுத்தாமல், தேர்வுக்கு வந்த ஆள் வேங்கிக்காலில் ஏற்கெனவே முடித்த ஒரு வீட்டின் சுவிட்ச் போர்டையும் கழற்றிப் பார்க்கலாம். விதியில் அதற்கு இடமும், கட்டணத்தில் அதற்கு நேரமும் வேண்டும்.